காம்பராவுக்கு ஒரு பேர்

நவம்பர் 7, வியாழன். 4.45க்கு எழுந்தேன். பீலியில் தண்ணீர் நூலாக வந்தது. இரண்டு குடம் நிறைய இருபத்திரண்டு நிமிடம். ரொட்டி பதினொன்று, தேங்காய்ச் சம்பல். 5.50க்கு அண்ணி பெரட்டுக்குப் போனார். 6.40 பஸ் 6.52க்கு வந்தது. 7.30க்குக் கடை திறந்தேன். மூடுபனி. மழை இல்லை.

அந்த வருட டயரியில் அந்தப் பக்கம் இப்படித் தொடங்குகிறது. மற்றப் பக்கங்களும் ஏறக்குறைய இப்படித்தான். நேரம், தண்ணீர், பஸ், வானிலை. மனதில் என்ன ஓடியது என்று நான் எழுதுவதில்லை. எழுதினால் இரண்டு நாள் கழித்துப் படிக்கும்போது அது பொய்யாகத் தெரியும்.

ஆனால் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு முறை போட்டு, நான்கு முறையும் குறுக்கே கோடு இழுத்த கணக்கு. இன்றும் அது முடியவில்லை.

அப்போது நான் கொஸ்லந்த பஜாரில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலை பார்த்தேன். கொப்பி எடுப்பது, படிவம் நிரப்புவது, ஒன்லைனில் விண்ணப்பம் அனுப்புவது. எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் பலருடைய பல்கலைக்கழக விண்ணப்பம் என் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. அந்த வருடம் போனவற்றில் ஒன்று என் மகள் தர்ஷினியுடையது.

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. கிழக்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், முகாமைத்துவம், நான்கு வருடம். பதிவு செய்யக் கடைசி நாள் நவம்பர் 8, வெள்ளிக்கிழமை.

அதே வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில் இன்னொரு பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் காம்பராவுக்கு அடுத்த பேர் யார் என்று.

இரண்டுக்கும் வீட்டில் இருந்த ஒரே ஆள் தர்ஷினி என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு துண்டு சவர்க்காரம்

தோட்டத்தில் வாழாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகள் லயம்; அதில் ஒரு வீட்டை நாங்கள் காம்பரா என்போம். அது எங்களுடையது அல்ல, தோட்டத்துடையது. எங்கள் தோட்டத்தில் ஒரு காம்பராவில் ஒருவராவது தொழிலாளியாகப் பேர் பதிந்திருக்க வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை ஆட்களை எண்ணி மலை பிரித்துக் கொடுக்கும்போது அந்தப் பேருக்கு ஒருவர் போய் நிற்க வேண்டும்.

பேர் இல்லாவிட்டால் வெளியே போ என்று யாரும் சொல்வதில்லை. கூரைத் தகரம் ஓட்டையானால் மாற்றித் தரமாட்டார்கள். வசிப்பதற்கான ஆபீஸ் கடிதம் கேட்டால், அடுத்த வாரம் வா என்பார்கள். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராக்காரர்கள் எல்லாரும் கொழும்புக்கு வேலைக்குப் போனார்கள். தீபாவளிக்குத் திரும்பி வந்தபோது உள்ளே உர மூட்டை அடுக்கியிருந்தது.

எங்கள் காம்பராவின் பேர் அண்ணியுடையது. அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, செல்லம்மா. பத்தொன்பது வயதில் பேர் பதிந்து நாற்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவர் பெரட்டுக்குப் போனதால்தான் அவருடைய தம்பி தோட்டத்தை விட்டு வெளியே போய் வாகனம் ஓட்டப் பழகினார். இப்போது பண்டாரவளையில் ஆட்டோ ஓட்டுகிறார். இதைச் சொன்னால் அண்ணிக்குப் பிடிக்காது. "நான் என்ன, அவனைத் தூக்கிட்டா போய் விட்டேன்" என்பார்.

தினமும் காலையில் அண்ணி வாசலில் உட்கார்ந்து கால் விரல் இடுக்கில் சவர்க்காரத்தைத் தேய்ப்பார். அட்டைக்காக. முதலில் சவர்க்காரம், மேலே கொஞ்சம் உப்பு, பிறகுதான் மேஸ் எனும் காலுறை. அந்தச் சவர்க்காரத் துண்டு ஜன்னல் கட்டையில் ஒரு மீன் டின் மூடியில் இருக்கும். வேறு யாரும் தொடுவதில்லை.

நான் பண்டாரவளை டவுனில் பிறந்தவள். கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த முதல் வாரம், கணுக்காலில் ஓர் அட்டையைப் பார்த்துவிட்டுக் கட்டில்மேல் ஏறி நின்றேன். இறங்கி வர அரை மணி நேரம் ஆனது என்று வீட்டுக்காரர் சொல்வார். டயரியில் பன்னிரண்டு நிமிடம் என்று இருக்கிறது. அதற்குப் பிறகு தேயிலை மலைக்குள் நான் கால் வைத்ததே இல்லை. கோயிலுக்கும் தார் ரோட்டைச் சுற்றித்தான் போவேன்.

அண்ணிக்கு அந்த டிசம்பரோடு அறுபது. பென்ஷன் இல்லை, சேமலாப நிதி மட்டும். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்டால் கைக்காசுக்கு, அதாவது நாட்கூலிக்கு, போகலாம்; ஆனால் அது பேராகாது.

இலவசம் என்பது

படிப்பு இலவசம். இதை எத்தனை பேர் என்னிடம் சொன்னார்கள் என்று எண்ணியிருக்கிறேன். அந்த ஒரு மாதத்தில் பதினேழு பேர்.

இலவசம் இல்லாதவற்றை எழுதினேன். விடுதியில் முதல் வருடம் இடம் கிடைக்கும். பிறகு வாடகை அறை. மெத்தை, சாப்பாடு. பதுளையில் மாறி பிபிலை வழியாகப் போகும் பஸ், போக வர, வருடத்துக்கு ஆறு தடவை. லெப்டொப். கொப்பிக் காசு, அந்தச் செலவு எவ்வளவு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்க உதவித்தொகை வரும். ஆனால் வகுப்பு நடக்காத மாதங்களில் நின்றுவிடும் என்று போனவர்கள் சொன்னார்கள்.

இதுதான் முதல் கணக்கு. பட்டதாரிச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தர்ஷினியின் இருபத்தொன்பதாவது வயதில் எல்லாம் ஈடாகி, அதற்குமேல் லாபம்.

பிறகு, அவள் வீட்டில் இருந்து பேர் பதிந்திருந்தால் வந்திருக்கும் சம்பளத்தை இழப்பாகச் சேர்த்தேன். ஈடாகும் வயது முப்பத்து மூன்றானது. வேலைநிறுத்தத்தில் படிப்பு இழுபட்டால் என்று இரண்டு வருடம் கூட்டினேன். முப்பத்தாறு. பட்டதாரி நியமனத்துக்குக் காத்திருக்கும் காலத்தைக் கூட்டினேன். நாற்பதைத் தாண்டிப் போனது.

காம்பரா போனால் என்ன செலவு என்று சேர்க்கத் தொடங்கியதும் பேனாவை வைத்துவிட்டேன். டவுனில் வாடகை வீடு என்றால் முற்பணம் வேண்டும். லயத்துக்குப் பின்னால் அண்ணி போட்டிருக்கும் லீக்ஸ், கரட் பாத்தி போய்விடும். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, எங்கள் லயத்துக்கும் அதிகாரிகள் வந்து பின்சுவர் வெடிப்பை அளந்தார்கள். புது வீட்டுப் பட்டியலில் எங்களையும் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலும் பேர்ப்படிதான். எங்கள் வரிசையில் இருந்தது செல்லம்மா என்ற பேர். அது விழுந்தால் வரிசையும் விழும் என்று லயத்தில் எல்லாரும் நம்பினார்கள். நானும்தான்.

அன்று கடையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பிறப்புச் சான்றிதழைக் கோணலாக வைத்துப் பத்துக் கொப்பி எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்து அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. மறுபக்கம் வெறுமையாக இருந்த அந்தத் தாள்களில்தான் மூன்றாவது கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு டயரிக்கு மாற்றினேன்.

இருபது கொப்பி

பதினொன்றேகாலுக்குச் சதீஸ் வந்தான். பக்கத்து டிவிஷன் பையன். பையன் என்கிறேன், முப்பது வயது. கிழக்கில்தான் படித்தான், கலைப் பட்டம். நான்கு வருடப் படிப்பு முடிய ஆறு வருடம் ஆனது. இப்போது பண்டாரவளையில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. வருடத்தில் நான்கைந்து தடவை பட்டச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்து கொப்பி எடுப்பான். ஒவ்வொரு நியமன அறிவிப்புக்கும் ஒரு தடவை.

"இருபது எடுங்கக்கா. கறுப்பு வெள்ளை போதும். கலர்ல அனுப்பினாலும் இதே பதில்தான் வருது."

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். படித்தது லாபமா என்று நேராகவே கேட்டேன். அவன் கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

"காசுல கேக்குறீங்களா?"

"காசுல."

"காசுல இன்னும் வரலக்கா." கொப்பிகளை எண்ணி வாங்கிக்கொண்டான். "ஆனா அந்த ஆறு வருஷத்துல ஒரு நாளும் பயமா இருந்ததில்ல. காம்பராவுக்கு அப்பா பேர் இருந்துச்சு. ஸ்ட்ரைக் வந்தா வீட்டுக்கு வந்து தூங்கலாம். என்கூட ஒருத்தன் படிச்சான், ஹாலிஎலப் பக்கம். அவனுக்குப் பேர் போயிருச்சு. ரெண்டாம் வருஷம் விட்டுட்டு வந்துட்டான். என்னைவிட நல்லாப் படிப்பான்."

தர்ஷினிக்கு இடம் கிடைத்தது அவனுக்குத் தெரியும். காசைக் கொடுத்துவிட்டுக் கதவருகில் நின்றான்.

"அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினாரு. தோள்பட்டை போயிருச்சு இப்ப. நான் கணக்குப் போட்டா முதல்ல அதைத்தான் போடணும். அதுக்கு எவ்வளவுன்னு தெரியல. அதனால போடுறதில்ல."

அவன் போன பிறகு கணக்கை எடுத்துப் பார்த்தேன். படிப்புச் செலவு ஒரு நிரல், இழப்பு ஒரு நிரல், வரவு ஒரு நிரல். எல்லாம் தர்ஷினியின் தலைப்பில் இருந்தன. நான்காவது கோட்டை அப்போதுதான் இழுத்தேன்.

அண்ணியின் நாற்பத்தொரு வருடத்தை அவருடைய தம்பியின் கணக்கில் நாங்கள் யாரும் எப்போதும் சேர்த்ததில்லை என்பதும் அப்போதுதான் தோன்றியது. என் வீட்டுக்காரர் சொந்தக் காலில் நின்றார் என்றுதான் பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவிடம் சொன்னார்கள்.

அரைப்பேர்

5.35 பஸ். 6.10க்கு வீடு. அண்ணி வாசலில் உட்கார்ந்து கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் மேல் ரோட்டில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். தர்ஷினி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள்.

என் பையிலிருந்து அவள் டயரியை எடுத்ததை நான் கவனிக்கவில்லை.

"அம்மா, இந்தக் கணக்கு பிழை," என்றாள்.

என் கணக்கைப் பிழை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. கடை முதலாளிகூடச் சொன்னதில்லை.

"நான் தோட்டத்துல உழைக்கிறதுக்கு மாசம் இருபத்தஞ்சு நாள் போட்டிருக்கீங்க. மழை நாள் எங்க? கொழுந்து இல்லாத மாசம் எங்க? அரைப்பேர் எங்க?"

எடை குறைந்தால் பாதி நாள் சம்பளம்தான். அதைத்தான் அரைப்பேர் என்பார்கள்.

"இவ எடுத்தா அரைப்பேரும் நிக்காது," என்றார் அண்ணி. "போன லீவுல ஒரு நாள் என்கூட மலைக்கு வந்தா. முத்தின இலையும் குச்சியுமா ஒரு சாக்கு. கணக்கப்பிள்ளை பார்த்துட்டு, ஏன் செல்லம்மா, மாடு வாங்கியிருக்கியான்னு கேக்குறாரு."

தர்ஷினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது சரி. அவளுடைய இழப்பை நான் இரண்டு மடங்காகப் போட்டிருந்தேன். என் பேனா அவளைப் போகவிடாமல் கணக்குப் போட்டிருந்தது.

"ஆனா கணக்கு எப்படி வந்தாலும் நான் நாளைக்குப் பெரட்டுக்குப் போறேன்," என்றாள். "வீட்டுல இருந்தே வெளிவாரியாப் படிச்சுக்குவேன். மெதுவா முடியும். பரவாயில்ல."

அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். பஸ் நேரம் சொல்வது போல அமைதியாகச் சொன்னாள். முன்பே முடிவு செய்து, எங்களுக்கு நோகாத இடத்தில் அதை வைத்திருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து தேவையில்லாமல் அடுப்பைக் கிளறினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

வீட்டுக்காரர் ஆட்டோவை விற்றுவிட்டுத் தான் பேர் பதிவதாகச் சொன்னார்.

"எந்த ஆட்டோ?" என்றார் அண்ணி. "லீசிங் முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் அது அவனுங்க ஆட்டோ. எதைடா விக்கப் போற?"

வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஆட்டோ ஓடினால்தான் லீசிங்கும் கட்டலாம், தர்ஷினிக்கு மாதா மாதம் ஏதாவது அனுப்பவும் முடியும். அது எல்லாருக்கும் தெரியும்.

டயரி தர்ஷினியின் மடியில் திறந்தே கிடந்தது. நான் நின்ற இடத்திலிருந்து என் கையெழுத்து தலைகீழாகத் தெரிந்தது. தர்ஷினி, அவர், அண்ணி. வீட்டில் உள்ளவர்களின் வேலையும் வருமானமும் வரிசையாக எழுதியிருந்தேன். கடைச் சம்பளம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு மட்டும் பேர் எழுதவில்லை. வெயிலையும் மழையையும் போல, மாறாத ஒன்றாக அதை வைத்துவிட்டிருந்தேன்.

"நான் பதியிறேன்," என்றேன்.

பக்கத்துக் காம்பராவில் ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்கு அட்டைன்னா பயம், சாந்தி," என்றார் அண்ணி.

"பயந்தான்."

"நாப்பத்தெட்டு வயசு."

"ஆள் பத்தல. வயசு கேக்க மாட்டாங்க."

"நாலு வருஷம்."

"நாலு வருஷம், அண்ணி."

"ஸ்ட்ரைக் வந்தா ஆறு."

"ஆறு."

கடையை என்ன செய்வாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமிப் போயா நாளும் தோட்டத்தில் வேலை இல்லை. அந்த நாட்களில் கடைக்கு வருவதாக முதலாளியிடம் கேட்கலாம் என்றேன். மாட்டேன் என்றால் அதையும் பார்த்துக்கொள்ளலாம். கடைச் சம்பளத்துக்கும் நான் எடுக்கப்போகும் அரைப்பேர்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் தர்ஷினியின் படிப்பின் விலை. அன்று முழுவதும் நான் தேடிய தொகை அதுதான். அதைத் தலைக்குள் ஒரு நிமிடத்தில் போட்டுவிட்டேன். பெரிய தொகை. யாரிடமும் சொல்லவில்லை.

"இதைக் கணக்குல எங்க போடுவீங்க?" என்று தர்ஷினி கேட்டாள். குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் திருப்பித் தரணும்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும்ல."

இருபது கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்ற சதீஸ் நினைவுக்கு வந்தான்.

அண்ணிதான் பேசினார். "திருப்பித் தரவா? உங்கப்பன் எனக்குத் தந்துட்டானா? போடீ. போய் அந்த ஃபோன்ல செய்ய வேண்டியதைச் செய். நாளைக்குக் கரண்ட் நின்னா அதுவும் இல்ல."

லயத்தின் மூலையில், தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஏறினால்தான் எங்கள் பக்கம் சிக்னல் வரும். தர்ஷினி தொட்டி மேல் நின்றாள். வீட்டுக்காரர் கீழே நின்று தன் வங்கி அட்டையின் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பாதியில் தொடர்பு அறுந்து, மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முயற்சியில் போனது. 7.05. பதிவு இலக்கத்தைச் சத்தமாகச் சொல்லச் சொல்லி டயரியில் எழுதி, இரண்டு தடவை சரிபார்த்தேன்.

உள்ளே வந்தபோது அண்ணி தன் பழைய படங்கை, இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அந்தத் தடித்த சாக்கை, உதறி என் இடுப்புக்கு வைத்து அளந்துகொண்டிருந்தார். ஒரு சுற்றுக் கூடுதலாக வந்தது. மடித்துக் கட்டினால் சரியாகும் என்றார்.

அன்றைய பக்கத்தில் கடைசி வரி: தூக்கம் வரவில்லை, காரணம் எழுதவில்லை.

அடுத்த பக்கம்.

நவம்பர் 8, வெள்ளி. 4.45க்கு எழுந்தேன். முதல் வேலையாக, ஜன்னல் கட்டையில் இருந்த மீன் டின் மூடியை எடுத்தேன். சவர்க்காரம் இரண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தது. ஒரு துண்டை எடுத்து இரண்டு காலிலும் விரல் இடுக்குகளில் தேய்த்தேன். மேலே உப்பு.